பாதிக்கு மேல் ஊற்றக்கூடாது

பியட்றிஸை அடக்கம் செய்த நான்காம் நாள் நான் மருந்துச்சாலையைத் திறந்தேன். தோட்டத்துத் துரை ஒரு வாரம் லீவு தந்திருந்தார். வீட்டில் இருந்தால் மனைவி பெற்றீசியா தண்ணீர் காய்ச்சுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பிள்ளைக்கென்று தனியாக ஒரு நீல எனாமல் கேத்தல் இருந்தது. அதில் காலையிலும் மாலையிலும் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, வெள்ளைத் துணியால் மூடிவைப்பாள். பிள்ளை போனபிறகும் அதை நிறுத்தவில்லை. சாயந்தரம் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, அப்படியே ரோசாச் செடிக்கு ஊற்றுகிறாள்.  

ஹேவாஹெட்டப் பக்கம் நெல்லிமலைத் தேயிலைத் தோட்டத்தில் நான் டிஸ்பென்சர். பெயர் ஹென்றி பஸ்தியாம்பிள்ளை, ஊர் இளவாலை. தோட்டத்து ஆட்கள் என்னை டாக்டரய்யா என்பார்கள். நான் டாக்டர் இல்லை என்று முதல் இரண்டு வருடம் திருத்திப் பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன்.

இந்தத் தோட்டத்துக்குக் குழாய்த் தண்ணீர் கொண்டுவந்தவன் நான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, பெருமைப்படுகிற நிலையில் நான் இல்லை. இரண்டு வருடம் துரைக்குக் கடிதம் எழுதி, அவர் கண்ணில் படும் இடமெல்லாம் நின்று, கடைசியில் அவர் என் தொல்லை தாங்காமல் ஒப்புக்கொண்டார். பதினோராம் நம்பர் மலைக்கு மேலே ஊற்று. அதற்குச் சீமெந்துத் தொட்டி, மூடி, பூட்டு. அங்கிருந்து இரும்புக் குழாய் இறங்கி வந்து ஆட்கள் குடியிருக்கும் நாலு லயத்துக்கும் தலைப்பில் ஒவ்வொரு பைப்பு. 1928-ஆம் ஆண்டு தைப்பொங்கல் கழிந்த கிழமை திறந்தோம். பங்குனிக்குள் பன்னிரண்டு குழிக் கக்கூசும் வெட்டி முடித்தோம். நாலு பக்கமும் அடைத்துவிட்டு உள்ளே போய் உட்காரச் சொன்னால் எப்படி ஐயா வரும் என்று கேட்ட ஆட்களை, கெஞ்சியும் ஏசியும் உள்ளே அனுப்பினேன். குடிக்கிற தண்ணீரைக் காய்ச்சச் சொல்லி லயம் லயமாகத் தொண்டை வறளக் கத்தினேன். காய்ச்சவும் செய்தார்கள். இந்த ஜில்லாவில் என்னுடைய தோட்டம்போல் சுத்தமான தோட்டம் இல்லை என்று எனக்குள் ஒரு நினைப்பு இருந்தது.

ஜூலையில் நெருப்புக் காய்ச்சல், அதுதான் டைபாய்டு, வந்தது.

செப்டம்பருக்குள் பதினேழு பேர். அதில் ஆறு பேர் செத்துப்போனார்கள். ஆறாவது என் மகள். அவளுக்கு ஆறு வயது.

முந்தி கிணறும் ஓடையும் குடித்த காலத்தில்கூட ஒரு வருடத்தில் இத்தனை பேர் படுத்ததில்லை. பைப்பு வந்தது, காய்ச்சல் வந்தது என்று ஆட்கள் பேசத் தொடங்கினார்கள். இரும்புக்குள்ளால் வருகிற தண்ணீர் குடலைத் தின்னும் என்று ஒரு கங்காணி சொல்லித்திரிந்தான். அடக்கம் முடிந்து திரும்பும்போது துரை என் தோளில் கைவைத்து, வெள்ளிக்கிழமை கண்டியிலிருந்து சுகாதார இன்ஸ்பெக்டர் வருவதாகச் சொன்னார். வேறு காரணம் எதையும் காட்ட முடியாவிட்டால் பைப்பை மூடிவிட்டுப் பழைய கிணறுகளைத் தோண்டச் சொல்லப் போவதாகவும் சொன்னார். அவர் நல்ல மனிதர், அன்பாகத்தான் சொன்னார்.

பைப்பை மூடினால் கீழ் லயங்கள் இரண்டும் மறுபடி ஓடைக்குப் போகும். மேலே உள்ள அத்தனை ஊத்தையும் இறங்குகிற ஓடை அது. அங்கே என்ன நடக்கும் என்பதை நான் பன்னிரண்டு வருடம் பார்த்திருக்கிறேன். எனவே அந்தப் பைப்பை மூடவிடக்கூடாது. அந்த நாட்களில் எனக்கு இருந்த ஒரே தெளிவான எண்ணம் அதுதான். மற்றதெல்லாம் பஞ்சு அடைத்த காதுக்குள் கேட்பதுபோல இருந்தது.

திங்கட்கிழமை தொட்டி வரைக்கும் ஏறினேன். மூடி சரியாக இருந்தது, பூட்டும் சரி. குழாய் நெடுக நடந்தேன். ஒரு மூட்டுக்கூடக் கசியவில்லை. ஊற்றுக்கு மேலே மனிதன் நடமாடிய அடையாளமே இல்லை. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். இறங்கி வந்தேன்.

செவ்வாய்க்கிழமை வீரம்மா காலில் அட்டை கடித்துப் புண்ணாகிவிட்டது என்று வந்தாள். இரண்டாம் லயத்துக் கொழுந்துக்காரி. வாய் சும்மா இராது. புண்ணைக் கழுவும்போது முதலில் பியட்றிஸைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லி மூக்கைச் சிந்தினாள். பிறகு சொன்னாள்:

"பைப்பத்தான் கொறை சொல்றாங்க. நான் ஒத்துக்க மாட்டேங்க. எங்க காம்பராவுக்கும் அருளாயி காம்பராவுக்கும் நடுவுல ஒரு செவருதான். ரெண்டு பேரும் ஒரே பைப்புலதான் தண்ணி புடிக்கிறோம். அவ வீட்டுல மூணு பேரு படுத்துட்டாங்க. எங்க வீட்டுல எட்டு பேரு, ஒருத்தருக்கு ஒரு தும்மல் இல்லீங்களே."

"உங்கடை பக்கம் வேறை ஆருக்காவது?"

"மாரியம்மன் புண்ணியத்துல ஒருத்தருக்கும் இல்லீங்க."

அவள் போனபிறகு நோயாளர் புத்தகத்தை எடுத்தேன். பதினேழு பெயரையும் என் கையால் எழுதியிருந்தேன். அருளாயி, சூசை, ஞானப்பிரகாசம், மரியாள், அந்தோனி, செபமாலை. கடைசியில் பியட்றிஸ். ஒரு முருகன் இல்லை, ஒரு மீனாட்சி இல்லை. நெல்லிமலையில் வேதக்காரர் பத்தொன்பது வீடுதான். மற்ற நூற்றுச் சொச்சமும் சைவம். பதினேழும் அந்தப் பத்தொன்பது வீட்டுக்குள் அடங்கியிருந்தது. இரண்டு மாதமாக அந்தப் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தவன் நான். என் கண் என்ன செய்தது என்று எனக்குத் தெரியவில்லை.

புத்தகத்தை மூடிவிட்டுக் கோவிலுக்குப் போனேன்.

அந்தோனியார் கோவில் மூன்றாம் லயத்துக்குப் பின்னால், சரிவில் இருக்கிறது. பங்குச் சுவாமி கண்டியிலிருந்து வருடத்தில் நாலைந்து முறைதான் வருவார். மற்ற நாட்களில் எல்லாம் உபதேசியார் சந்தியாகுதான். செபமாலை சொல்வது, மணி அடிப்பது, செத்தவரை அடக்குவது எல்லாம் அவர் பொறுப்பு. என் மகளையும் அவர்தான் அடக்கம் செய்தார். அன்றைக்கு என்னைவிட அவர்தான் அதிகம் அழுதார்.

வாசல் கதவுக்கு உட்புறம் தீர்த்தச் சாடி இருந்தது. ஒரு ஆள் கட்டிப்பிடிக்கிற அளவு. ஜூன் பதின்மூன்று திருநாளன்று சுவாமி வந்து மந்திரித்துவிட்டுப் போனது. எல்லா வேதக்கார வீட்டிலும் அதிலிருந்து ஒரு போத்தல் இருக்கும். நெற்றியில் தொட்டுக்கொள்வதற்கு மட்டுமில்லை. பிள்ளைகளுக்குக் காய்ச்சல், வயிற்றுவலி, கெட்ட கனவு என்றால் ஒரு கரண்டி குடிக்கக் கொடுப்பது வழக்கம். எங்கள் ஊரிலும் அப்படித்தான், என் அம்மாவும் எனக்குக் கொடுத்திருக்கிறாள்.

சாடியைத் திறந்து பார்த்தேன். கழுத்துவரை தண்ணீர் இருந்தது.

"திருநாள் முடிஞ்சு மூண்டு மாசம். இது எப்பிடி இன்னும் நிறைஞ்சிருக்கு?" என்று கேட்டேன்.

சந்தியாகு குத்துவிளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். "நான் விடமாட்டேங்களே. கொறையக் கொறைய ஊத்திடுவேன். சாமி சொல்லிக்குடுத்ததுதாங்க. தீர்த்தத்தவிடக் கொறைவா வேற தண்ணி ஊத்துனா, எல்லாமே தீர்த்தந்தான். பாதிக்கு மேல ஊத்தக்கூடாது." சாடிக்குள்ளே விரலை விட்டு, பக்கத்தில் கீறியிருந்த கோட்டைக் காட்டினார். "இந்தக் கோட்டுக்குக் கீழ ஒரு நாளும் எறங்க விட்டதில்லீங்க. இப்பக் காய்ச்சல் நேரம், சனங்க நெறைய கொண்டுபோறாங்க. ஒரு நாளைக்கு ரெண்டு தடவகூட ஊத்துறேன்."

"எந்தத் தண்ணி?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். இது என்ன கேள்வி என்ற பார்வை. "கோயில் கெணத்துத் தண்ணிதாங்க. பைப்படியில பொம்பளைங்க துணி அலசுறாங்க, புள்ளைங்கள கழுவி விடுறாங்க. அந்தத் தண்ணியப் போய் தீர்த்தத்துல ஊத்தலாங்களா?"

கோவில் கிணறு பின்புறம் இருந்தது. நான் அங்கே போய் நின்றேன். சரிவில் மேலே பார்த்தால் ஒன்பதாம் நம்பர் கக்கூஸ். தகரக் கூரை, சுண்ணாம்புச் சுவர், பார்க்கச் சுத்தமாக இருந்தது. கால்களால் அளந்தேன். இருபத்திரண்டு காலடி எடுத்து வைத்தேன்.

அந்தக் கக்கூசுக்கு இடம் குறித்தவன் நான். ஜனவரியில் நான் கீறிய படத்தில் மூடவேண்டிய கிணறு மூன்று. கோவில் கிணறு மூன்றாவது. மூடப்போகிற கிணறுதானே என்று மேலே கக்கூசைப் போட்டேன். பிப்ரவரியில் சந்தியாகு தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். பூச்செடிக்கும் கோவில் கழுவவும் அந்தக் கிணறு மட்டும் இருக்கட்டுமே, யாரும் குடிக்கமாட்டோம் என்று கேட்டார். வேதக்காரன் வேதக்காரனிடம் கேட்கிற ஒரு சின்ன உதவி. சரி என்று ரப்பரை எடுத்து மூன்றாவது சிலுவைக் குறியை அழித்தேன். படத்தில் அரை அங்குலம் மேலே ஒன்பது என்று எழுதியிருந்தது. நான் பார்க்கவில்லை. ஜூனில் மழை கொட்டியது. அவ்வளவுதான்.

சந்தியாகு சொன்ன சொல் தவறவில்லை. அந்தக் கிணற்றிலிருந்து ஒருவரும் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. தீர்த்தம்தான் குடித்தார்கள். குடிக்கிற தண்ணீரைக் காய்ச்சச் சொன்னேன், காய்ச்சினார்கள். தீர்த்தத்தைக் காய்ச்ச யாருக்குத் தோன்றும்? எனக்கே தோன்றவில்லை. மாலையில் செபமாலை முடிந்ததும் பெற்றீசியா போத்தலை எடுத்து, கரண்டியில் ஊற்றி, சிந்தாமல் இருக்க மற்றக் கையைப் பிள்ளையின் நாடிக்குக் கீழே வைத்துக்கொள்வாள். லயத்தில் முதல் காய்ச்சல் கண்ட நாளிலிருந்து ஒவ்வொரு மாலையும். அவள் பன்னிரண்டு வயதில் இதே காய்ச்சலில் கிடந்து, தலைமயிர் எல்லாம் கொட்டிப் பிழைத்தவள். அதனால் பயம் அவளுக்கு அதிகம். நான் பக்கத்துக் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். உதட்டில் ஒட்டியதைச் சில நாள் என் லேஞ்சியால் துடைத்தும் விட்டிருக்கிறேன்.

சந்தியாகுவிடம் சாடியைக் கவிழ்க்கச் சொன்னேன். ஏன் என்று கேட்டார். சொன்னேன். அவர் சாடிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். தீர்த்தத்தைக் கண்ட இடத்தில் ஊற்றக்கூடாது என்று மட்டும் சொன்னார். பீடத்தடியில் மண்ணுக்குள் ஊற்றுங்கள் என்றேன்.

வீட்டுக்கு நடக்கும்போது ஒரு வழி யோசித்துக்கொண்டு போனேன். ஆட்கள் கள்ளமாகக் கோவில் கிணற்றில் அள்ளிக் குடித்தார்கள் என்று இன்ஸ்பெக்டரிடம் சொல்லலாம். கிணறு மூடப்படும், பைப்பு தப்பும். தீர்த்தம் என்ற சொல்லே எழும்பாது. பெற்றீசியாவுக்குத் தெரியவேண்டியதில்லை. ஆனால் பத்தொன்பது வீட்டிலும் போத்தல் இருக்கிறது. அதைச் சந்தியாகு மூலம் மெல்ல எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். பொய்யை அடுக்க அடுக்க அது நன்றாகவே நின்றது.

வாசலில் பெற்றீசியா செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் கையில் எங்கள் போத்தலும் கரண்டியும் இருந்தன.

"எங்கை போறீர்?" என்றேன்.

"அருளாயியின்ரை கடைசிப் பெடிச்சிக்கும் காய்ச்சலாம். போய்க் குடுத்திட்டு வாறன்." செருப்பு வாரை இறுக்கினாள். "ஆகஸ்டிலை நாங்கள் கண்டிக்குப் போனம் எல்லே, போத்தலை விட்டிட்டுப் போயிட்டன். ரெண்டு நாள் பியட்றிஸுக்குக் குடுக்கேல்லை. அந்த ரெண்டு நாளிலைதான் பிடிச்சிருக்கு. மற்றப் பிள்ளையளுக்காவது ஒரு நாளும் விடக்கூடாது."

நேற்றும் நாலு வீட்டுக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்தாளாம். எனக்குத் தெரியாது. அடக்கம் முடிந்ததிலிருந்து அவள் எங்கே போகிறாள், எப்போது வருகிறாள் என்று நான் கேட்டதே இல்லை.

"அதைக் காய்ச்சிப்போட்டுக் குடும்," என்றேன்.

"தீர்த்தத்தை ஆரும் காய்ச்சுவினமே?"

நான் வழியை விட்டு விலகவில்லை. அவள் நிமிர்ந்தாள். பெற்றீசியா ஆசிரியை வேலை பார்த்தவள். பாதிக் கணக்குச் சொன்னால் மீதியைத் தானே போட்டுவிடுவாள். என் சப்பாத்தைப் பார்த்தாள். கோவில் பின்புறத்துச் சிவப்பு மண் அதில் ஒட்டியிருந்தது.

"சந்தியாகு சாடிக்கு எந்தத் தண்ணி ஊத்துறவர்?"

"கோவில் கிணத்துத் தண்ணி."

"அது மூடின கிணறெல்லே?"

"இல்லை. நான் விட்டுட்டன்."

"மேலை கக்கூசை அங்கை வெட்டச் சொன்னது ஆர்?"

"நான்."

அவள் கையிலிருந்த கரண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெள்ளிக் கரண்டி. ஞானஸ்நானத்துக்கு அவளுடைய தமையன் பிள்ளைக்குக் கொடுத்தது. அவள் கத்துவாள், விழுவாள், என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

"கிணறு உங்கடை. கரண்டி என்ரை," என்றாள். "அப்ப ரெண்டு பேரும்தான்."

செருப்பைக் கழற்றாமலே குசினிக்குப் போனாள். நீலக் கேத்தலை அடுப்பில் வைத்து, போத்தலில் இருந்ததை அதில் ஊற்றினாள். நாங்கள் இரண்டு பேரும் அடுப்புக்கு முன்னால் நின்றோம். அது மற்றத் தண்ணீர் கொதிக்கிற மாதிரியே கொதித்தது. முழுவதும் வற்றும்வரை விட்டாள். பிறகு வெளியே போனாள். நான் பின்னால் போனேன்.

அருளாயியின் காம்பராவில் அவள் சுற்றி வளைக்கவில்லை. "நேற்று நான் குடுத்த தீர்த்தத்திலை காய்ச்சல் இருந்திருக்கு. என்ரை பிள்ளைக்கும் அதைத்தான் குடுத்தனான். இனிக் குடுக்காதேயுங்கோ. போத்தலைத் தாங்கோ," என்றாள். பாடம் ஒப்புவிப்பது போன்ற குரல். அருளாயி முதலில் விளங்காமல் நின்றாள். பிறகு விளங்கியது. அவள் தன் வீட்டில் படுத்தவர்களுக்கெல்லாம் யார் ஊட்டினது என்று எண்ணிப்பார்ப்பது எனக்குத் தெரிந்தது. போத்தலை எடுத்து நீட்டினாள்.

எங்கள் வீடு போக மற்றப் பதினெட்டு வீட்டிலும் பெற்றீசியா அதையே சொன்னாள். நான் சொல்லியிருந்தால் பாதிப் பேர் நம்பியிருக்க மாட்டார்கள். தீர்த்தத்தைக் குறை சொல்கிறான் என்று மண்ணை வாரித் தூற்றியிருப்பார்கள். தன் பிள்ளையைப் புதைத்தவள் சொன்னபோது ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை. நாலாவது வீட்டில் வீரம்மா கொழுந்துக் கூடையோடு வந்து சேர்ந்துகொண்டாள். அவளை யாரும் கூப்பிடவில்லை. போத்தல்களைக் கூடையில் வாங்கிப்போட்டுக்கொண்டு, வாழ்க்கையில் முதல் முறையாக வாயைத் திறக்காமல் நடந்தாள். மகளை இழந்த மரியாள் மட்டும் போத்தலைக் கொடுக்க மாட்டேன் என்று நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பெற்றீசியா அவள் பக்கத்தில் வெகுநேரம் இருந்தாள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. வெளியே வரும்போது கையில் போத்தல் இருந்தது.

வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் சண்முகநாதன் மோட்டார் சைக்கிளில் வந்தார். மருந்துச்சாலை மேசையில் பத்தொன்பது போத்தலையும் பார்த்தார். நோயாளர் புத்தகத்தைப் பார்த்தார். கிணற்றையும் கக்கூசையும் நாடாவால் அளந்தார். ஐம்பத்து மூன்று அடி.

"கிணத்தை மூடாமல் விட்டது ஆர்?" என்று கேட்டார்.

"நான்தான்."

எழுதினார். பிறகு பேனாவை மூடிவிட்டு, "பிள்ளை உங்கடை எண்டு துரை சொன்னவர்," என்றார். ஓம் என்றேன்.  பைப்பில் குறை இல்லை என்று துரைக்குச் சொல்லிவிட்டுப் போனார். துரை கிணற்றை மூடச் சொன்னார், கக்கூசை இடம் மாற்றச் சொன்னார், அதோடு சரி. யாராவது என்னை நிற்கவைத்து ஏசியிருக்கலாம். ஒருவரும் ஏசவில்லை.

சனிக்கிழமை கிணற்றை மூடினோம். சந்தியாகு முதல் கூடை மண்ணைத் தானே கொட்டினார்.

அருளாயியின் மகள் ஐப்பசியில் எழுந்து நடந்தாள். அதற்குப் பிறகு புதிதாக ஒருவரும் படுக்கவில்லை. நாலு பைப்பும் ஓடுகின்றன. டிசம்பரில் சுவாமி வந்து புதிதாகத் தீர்த்தம் மந்திரித்தார். சந்தியாகு இப்போது பெண்கள் வருவதற்கு முன்னால் விடியவே பைப்படிக்குப் போய், குழாய் வாயைத் துணியால் துடைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கிறார். காய்ச்சி ஆறவைத்துத்தான் சாடிக்கு ஊற்றுகிறார். பாதிக்கு மேல் ஊற்றுவதில்லை.

பெற்றீசியா கொஞ்ச நாள் செபமாலை சொல்வதையே விட்டிருந்தாள். தை மாதத்தில் ஒரு மாலை தானாகவே சொல்லத் தொடங்கினாள். நான் பதில் சொன்னேன். முடிந்ததும் அலுமாரியைத் திறந்து புதுப் போத்தலை எடுத்தாள். நீலக் கேத்தலில் ஊற்றிக் கொதிக்கவைத்தாள். ஆறும்வரை இரண்டு பேரும் காத்திருந்தோம். வெள்ளிக் கரண்டியால் தான் ஒரு வாய் குடித்தாள். பிறகு இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டு என் கதிரைக்கு வந்தாள். சிந்தாமல் இருக்க மற்றக் கையை என் நாடிக்குக் கீழே வைத்துக்கொண்டாள்.

நான் வாயைத் திறந்தேன்.